ஆளுக்கு ஒரு அளவு! – கண் மருத்துவர் ஜி. வெங்கடசாமியின் வாழ்க்கை

(மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் பிரிவு மாணவர் ஒருவர்)



எங்க வீட்டு முன்கட்டுச் சுவரில் ஒரு பழைய போட்டோ தொங்குகிறது. ஆச்சியோட அம்மா. மூக்கின் மேல் ஒரு கனத்த கண்ணாடி, சோடா பாட்டிலின் அடிப்பாகம் மாதிரி. அதற்குள்ளே இரண்டு கண்ணும் முகத்துக்குப் பொருந்தாமல் பெரிசாத் தெரியும். சின்ன வயசில் அந்தப் போட்டோவைப் பார்த்தாலே எனக்குப் பயம். எண்பதுகளில் ஒரு கண் முகாமில் புரை எடுத்த பிறகு போட்ட கண்ணாடி அது. அதைப் போட்டுக்கொண்டு காப்பி டம்ளரை எடுக்கப் போனால், கை டம்ளருக்கு முன்னாடியே காற்றைப் பிடிக்குமாம். ஆச்சி இன்னமும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

போன வருசம் எங்க ஆச்சிக்கும் தாத்தாவுக்கும் ஒரு மாத இடைவெளியில் கண்புரை ஆபரேசன் நடந்தது. இரண்டு பேருக்கும் கண்ணுக்குள்ளேயே லென்ஸ் வைத்துவிட்டார்கள். சோடா பாட்டில் கண்ணாடி கிடையாது. நான்தான் கூடப் போயிருந்தேன். வீட்டுக்கு வந்து அட்டையைப் பார்த்தால், ஆச்சியின் லென்ஸ் 22.5, தாத்தாவின் லென்ஸ் 17.5. ஒரே ஆஸ்பத்திரி, ஒரே கம்பெனி லென்ஸ், ஒரே நோய். நம்பர் மட்டும் ஏன் இவ்வளவு வித்தியாசம்?

அந்தக் கேள்விக்கு விடை தேடிப் போனபோதுதான் ஒரு மனிதரின் வாழ்க்கை என் கையில் கிடைத்தது. அவர் நம்ம பக்கத்து ஊர்க்காரர். சங்கரன்கோவிலிலிருந்து கழுகுமலை, கோவில்பட்டி தாண்டிக் கிழக்கே போனால் வரும் எட்டயபுரத்துக்குப் பக்கத்தில் பிறந்தவர். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை நிறுவிய டாக்டர் ஜி. வெங்கடசாமி. உலகமே டாக்டர் வி என்று அழைத்த அந்தப் பெரியவரின் கதையை, டிப்ளமோ படிக்கிற நம்ம கண்ணோட்டத்தில் சொல்லிப் பார்க்கிறேன்.

மணலில் எழுதிய பையன்

1918 அக்டோபர் 1 அன்று வடமலாபுரம் என்ற கரிசல் கிராமத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார் வெங்கடசாமி. வீட்டுக்கு மூத்த பிள்ளை. அந்தக் காலத்து கிராமப் பள்ளியில் பேப்பரும் கிடையாது, பென்சிலும் கிடையாது. ஆற்று மணலை அள்ளிக்கொண்டு வந்து பரப்பி, அதில் விரலால் எழுதித்தான் எழுத்துப் படித்தார்கள். அந்த விரல்களை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் நண்பர்களே, பின்னால் தேவைப்படும்.

சிறு வயதில் அவருடைய உறவுப் பெண்கள் மூன்று பேர் பிரசவ காலத்தில் இறந்துபோனார்கள். கூப்பிட்ட நேரத்துக்கு ஊரில் ஒரு டாக்டர் இல்லை. அப்போதே மருத்துவராவது என்று மனசுக்குள் முடிவு செய்துவிட்டார். அதுவும் பிரசவம் பார்க்கிற மருத்துவராக வேண்டும் என்பதுதான் ஆசை. மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வேதியியலில் 1938-ல் பட்டம் பெற்றார். பிறகு சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து 1944-ல் டாக்டரானார். நேராக இந்திய ராணுவத்தின் மருத்துவப் பிரிவில் சேர்ந்தார்.

வளைந்த விரல்களும் வளையாத மனமும்

இங்கேதான் விதி குறுக்கே வந்தது. முப்பது வயதுகூட ஆகவில்லை. முடக்குவாதம் கடுமையாகத் தாக்கியது. மூட்டுக்கு மூட்டு வீக்கம், வலி. 1948-ல் ராணுவத்திலிருந்து விடுவிக்கப்பட்டார். மாதக்கணக்கில் படுக்கை. எழுந்து நிற்க முடியாது, நடக்க முடியாது, பேனா பிடிக்க முடியாது. மணலில் எழுதிய அதே விரல்கள் கோணிப் போய், கடைசிவரை நேராகவே இல்லை.

பிரசவ மருத்துவம் என்ற கனவு அத்தோடு முடிந்தது. மணிக்கணக்கில் நின்று பார்க்க வேண்டிய வேலை அது. வேறு யாராக இருந்தாலும் மூலையில் உட்கார்ந்திருப்பார்கள். இவர் என்ன செய்தார் தெரியுமா? உட்கார்ந்தபடியே செய்யக்கூடிய சிகிச்சை எது என்று தேடி, கண் மருத்துவத்துக்குப் போனார். முதலில் பேனா பிடிக்கப் பழகினார், அப்புறம் கத்தி பிடிக்கப் பழகினார். கோணிய விரல்களுக்கு ஏற்றாற்போல் கருவிகளை மாற்றி அமைத்துக்கொண்டார். அந்த விரல்களால் தம் வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் ஆபரேசன்களைச் செய்து முடித்தார்.

ஒர்க்ஷாப்பில் ஃபைல் பிடிக்கிறபோது கை வலிக்கிறது என்று முணுமுணுக்கிற நாம இதை ஒரு நிமிசம் யோசிக்கணும். ஆளுக்கு ஏற்ற கருவி இருந்தால் முடியாத கையும் முடியும் என்பதை அவர் தன் உடம்பிலேயே அனுபவித்துத் தெரிந்துகொண்டவர்.

முகாம்களும் பத்தாம் நம்பர் கண்ணாடியும்

1956-ல் மதுரை மருத்துவக் கல்லூரியின் கண் மருத்துவத் துறைக்குத் தலைமை ஏற்றார். எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்று அப்போது பெயர் பெற்றிருந்த மதுரை அரசு மருத்துவமனையில் இருபது வருடம் வேலை. ஆனால் பார்வை இழந்த கிராமத்து ஜனங்கள் ஆஸ்பத்திரியைத் தேடி வரவில்லை. பஸ் செலவுக்கு வழியில்லை, கூட்டிவர ஆளில்லை, வயசானால் கண் மங்கத்தானே செய்யும் என்ற நினைப்பு வேறு. நோயாளி வராவிட்டால் என்ன, நாம் போவோம் என்று அறுபதுகளில் ஊர் ஊராகக் கண் முகாம் நடத்தத் தொடங்கினார். இந்தப் பணிகளுக்காக 1973-ல் பத்மஸ்ரீ விருது வந்தது.

அந்தக் கால ஆபரேசன் எப்படி என்று தெரிந்துகொண்டால்தான் கதையின் மீதி விளங்கும். நம் கண்ணில் இரண்டு லென்ஸ் உண்டு. வெளியே கருவிழியின் மேல் இருக்கும் கண்ணாடி போன்ற பகுதி ஒன்று. உள்ளே இருக்கும் இயற்கை லென்ஸ் இன்னொன்று. உள்ளே இருப்பது பால் மாதிரி வெளுத்துப் போவதுதான் புரை. அதை முழுசாக வெளியே எடுத்துவிடுவார்கள். வெளிச்சம் உள்ளே போகும், ஆனால் குவியாது. எடுத்த லென்ஸுக்குப் பதிலாக முகத்துக்கு முன்னால் ஒரு கண்ணாடி. முகாம்களில் பெரும்பாலும் எல்லாருக்கும் ஒரே நம்பர், பிளஸ் 10.

அந்தக் கண்ணாடி பொருள்களைச் சுமார் 25 முதல் 30 சதவீதம் பெரிசாக்கிக் காட்டும். பக்கவாட்டில் வருவது தெரியாமல் இருந்து திடீரென்று முன்னால் குதிக்கும். ஒரு கண்ணில் மட்டும் ஆபரேசன் என்றால் இன்னும் மோசம். ஒரு கண்ணுக்குப் பெரிய உருவம், மற்றதுக்குச் சின்ன உருவம், இரண்டையும் மூளையால் சேர்க்க முடியாது. கண்ணாடி உடைந்தால் பழையபடி குருடுதான். எங்க வீட்டுப் போட்டோவில் இருக்கும் கிழவி காற்றைப் பிடித்த ரகசியம் இதுதான்.

அன்றைக்கு இருந்த வசதிக்கு அதுவே பெரிய வரம் என்பதையும் சொல்லணும். ஒண்ணுமே தெரியாமல் இருந்தவர்களுக்குப் பேரப்பிள்ளை முகம் தெரிந்தது. ஆனாலும் ஆளுக்கு ஆள் கண் வேறு, கண்ணாடி மட்டும் ஒன்று என்ற குறை இருந்துகொண்டே இருந்தது.

ஓய்வு பெற்றபின் ஆரம்பம்

1976-ல் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். திருமணம் செய்துகொள்ளாதவர். பென்ஷன் வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். ஆனால் அந்த வருடமே மதுரையில் ஒரு வீட்டில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். ஸ்ரீ அரவிந்தர் மீது கொண்ட பக்தியால் வைத்த பெயர். தங்கை டாக்டர் நாச்சியார், அவருடைய கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமி இருவரும் கண் மருத்துவர்களாகத் துணை நின்றார்கள். சிவில் என்ஜினீயரான தம்பி சீனிவாசன் கட்டடத்தையும் கணக்கையும் கவனித்தார். பணம் புரட்ட வீட்டை அடகு வைத்தார்கள், நகையை அடகு வைத்தார்கள்.

கட்டணம் கொடுக்க முடிந்தவர்கள் கொடுப்பார்கள். அதில் மிஞ்சுவதை வைத்து இல்லாதவர்களுக்கு இலவசமாகச் சிகிச்சை. கணக்கு எளிதுதான், ஆனால் ஒன்றுமே வீணாகக் கூடாது. நாம் படிக்கிற மெத்தட் ஸ்டடி, டைம் ஸ்டடி எல்லாம் அங்கே தியேட்டரில் நடந்தது. ஒரு டாக்டருக்கு இரண்டு மேஜை. ஒரு மேஜையில் ஆபரேசன் நடக்கும்போதே அடுத்த மேஜையில் அடுத்தவர் தயார். அமெரிக்காவில் பார்த்த மெக்டொனால்ட்ஸ் கடைகள் எந்த ஊரிலும் ஒரே தரத்தில் பண்டம் கொடுப்பதைக் கவனித்து, அந்த ஒழுங்கு கண் சிகிச்சையில் ஏன் வரக்கூடாது என்று யோசித்தவர் அவர். தேனியில் 1985-லும், நம்ம திருநெல்வேலியில் 1988-லும் கிளைகள் வந்தன.

இங்கே ஒரு முரண்பாடு இருப்பதுபோல் தோன்றும். எல்லாம் ஒரே மாதிரி நடக்க வேண்டும் என்று பாடுபட்டவர்தான், ஆளுக்கு ஆள் வேறு வேறு லென்ஸ் வேண்டும் என்ற இடத்துக்கும் வந்தார். யோசித்துப் பார்த்தால் முரண்பாடே இல்லை. வேலை செய்யும் முறை ஒன்றாக இருக்கணும், அளவு ஆளுக்கு ஒன்றாக இருக்கணும். நல்ல தையல்காரர் செய்வதும் அதுதானே!

விமானக் கண்ணாடியிலிருந்து வந்த லென்ஸ்

கண்ணுக்குள்ளேயே லென்ஸ் வைக்கலாம் என்பதை உலகுக்குக் காட்டியவர் இங்கிலாந்து டாக்டர் ஹெரால்ட் ரிட்லி. இரண்டாம் உலகப் போரில் விமானிகளின் கண்ணுக்குள் விமானத்தின் பிளாஸ்டிக் மூடியின் சிதறல்கள் புகுந்துவிட்டன. அந்தப் பிளாஸ்டிக் கண்ணுக்குள் சும்மா கிடந்தது, பெரிதாகப் புண் பண்ணவில்லை. அதே வகைப் பிளாஸ்டிக்கில் லென்ஸ் செய்து 1949 நவம்பர் 29 அன்று லண்டனில் ஒரு நோயாளியின் கண்ணில் வைத்தார் ரிட்லி. லென்ஸ் உட்கார்ந்தது. ஆனால் பவர் எக்கச்சக்கமாகிவிட்டது! அந்த நோயாளிக்குக் கடுமையான கிட்டப்பார்வை வந்துவிட்டது.

பொருள் சரி, அளவு தப்பு. நம்ம பாஷையில் சொன்னால் மெட்டீரியல் ஓகே, டைமென்ஷன் ரிஜெக்ட்! உலகத்தின் முதல் லென்ஸே நமக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் இது.

எண்பதுகளில் மேல்நாடுகளில் இந்த லென்ஸ் சாதாரணமாகிவிட்டது. நம் நாட்டு ஏழைகளுக்கு மட்டும் பிளஸ் 10 கண்ணாடி. இறக்குமதி லென்ஸ் ஒன்று 100 டாலர் அளவில் விற்றது. ஏழை நாடுகளுக்கு இது கட்டுப்படியாகாது, கண்ணாடியே போதும் என்று வல்லுநர்கள் பலரும் நினைத்தார்கள். டாக்டர் வி-யின் மனசு ஒப்பவில்லை. பணக்காரக் கண், ஏழைக் கண் என்று கண்ணில் இரண்டு ஜாதி உண்டா என்ன?

ஒரு மில்லிமீட்டரில் என்ன இருக்கு?

லென்ஸ் கிடைத்தால் மட்டும் போதாது. எந்த நம்பர் லென்ஸ் என்று தெரியணும். நம்ம பாடத்துக்கு ரொம்ப நெருக்கமான விசயம் இதுதான்.

வளர்ந்த மனிதக் கண்ணின் நீளம், முன்னாலிருந்து பின்னால் உள்ள விழித்திரை வரை, சராசரியாக 23.5 மில்லிமீட்டர். ஆனால் 21 இருக்கிற கண்ணும் உண்டு, 26 இருக்கிற கண்ணும் உண்டு. சின்னக் கண்ணில் திரை பக்கத்தில் இருக்கிறது, வெளிச்சத்தைச் சீக்கிரமே வளைக்க வேண்டும், ஆகவே அதிக பவர். நீளமான கண்ணில் திரை தள்ளி இருக்கிறது, குறைந்த பவர் போதும்.

ஆகவே இரண்டு அளவு எடுக்கிறார்கள். ஒன்று, கண்ணின் முன்பக்க வளைவு. கெரட்டோமீட்டர் என்ற கருவி, கருவிழியில் விழும் பிம்பத்தின் அளவை வைத்து வளைவைச் சொல்லும். வளைவின் ஆரம் 7.5 மில்லிமீட்டர் என்றால், 337.5-ஐ 7.5-ஆல் வகுக்க, 45 டயாப்டர்.

இரண்டாவது, கண்ணின் நீளம். வெர்னியர் காலிப்பரைக் கண்ணுக்குள் விட முடியுமா? ஏ ஸ்கேன் என்ற கருவி அதைச் செய்கிறது. சுமார் 10 மெகாஹெர்ட்ஸ் ஒலியை உள்ளே அனுப்பும். அது விழித்திரையில் பட்டு எதிரொலியாகத் திரும்பும். மெக்கானிக்கல் நண்பர்கள் வெல்டிங்கில் விரிசல் பார்க்கிற அல்ட்ராசோனிக் டெஸ்ட் இருக்கிறதே, அதே தத்துவம்தான். கண்ணுக்குள் ஒலியின் வேகம் சராசரியாக நொடிக்கு 1550 மீட்டர். 24 மில்லிமீட்டர் கண்ணில் ஒலி போய்த் திரும்ப ஆகும் நேரம் ஏறத்தாழ 31 மைக்ரோ செகண்ட். எலக்ட்ரானிக்ஸ் பிரிவுக்காரன் நான், இதைப் படித்ததும் எனக்குப் பெருமை தாங்கலை!

அப்புறம் சூத்திரம். 1967-ல் ரஷ்ய டாக்டர் ஃபியோதரவ் ஒளியியல் வழியில் ஒரு சூத்திரம் கொடுத்தார். 1980-ல் சாண்டர்ஸ், ரெட்ஸ்லாஃப், கிராஃப் என்ற மூவர், ஆபரேசன் முடிந்த நோயாளிகளின் முடிவுகளை அலசி, பெருக்கல் கழித்தலோடு முடிகிற ஒரு சூத்திரம் தந்தார்கள்:

லென்ஸ் பவர் = ஏ − (2.5 × கண்ணின் நீளம்) − (0.9 × வளைவின் பவர்)

ஏ என்பது லென்ஸின் வகையைப் பொறுத்த எண். 118 என்று வைத்துக்கொள்வோம். எங்க ஆச்சியின் அளவுச் சீட்டில் நீளம் 22.3, வளைவு 44.25. போட்டுப் பாருங்க: 118 கழித்தல் 55.75 கழித்தல் 39.8. விடை 22.4. வைத்த லென்ஸ் 22.5! தாத்தாவுக்கு நீளம் 24.4, வளைவு 43.75. 118 கழித்தல் 61 கழித்தல் 39.4. விடை 17.6. வைத்தது 17.5! இப்போது ஆஸ்பத்திரிகளில் இதைவிட நுட்பமான சூத்திரங்களைத்தான் கம்ப்யூட்டர் போடுகிறது. ஆனாலும் சராசரி அளவுக் கண்களுக்குப் பழைய சூத்திரம் எவ்வளவு பக்கத்தில் வருகிறது பாருங்கள். நோட்டின் கடைசிப் பக்கத்தில் நான் போட்ட கணக்கில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்.

சூத்திரத்தை இன்னொரு தடவை பார்த்தால் உயிர்நாடி எங்கே என்று தெரியும். நீளத்தை 2.5-ஆல் பெருக்குகிறோம். அளவில் ஒரு மில்லிமீட்டர் தப்பினால் லென்ஸில் 2.5 டயாப்டர் தப்பும். 26 மில்லிமீட்டர் கண்ணுக்கு 13-க்குப் பக்கத்தில் வேண்டியிருக்க, எல்லோருக்கும் பொது என்று 20 வைத்துவிட்டால், அந்த ஆளுக்கு நாலஞ்சு டயாப்டர் கிட்டப்பார்வை வந்துவிடும். மறுபடியும் கண்ணாடிதான்.

மிகச் சின்னக் கண்ணிலும் மிக நீளக் கண்ணிலும் இந்த எளிய சூத்திரமும் சறுக்கியது. அதனால் 1988-ல் திருத்தினார்கள். 22 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் 1 கூட்டு, 21-க்குக் குறைந்தால் 2 கூட்டு, 20-க்குக் குறைந்தால் 3 கூட்டு, 24.5-க்கு மேல் போனால் அரை கழி என்று. 1990-க்குப் பிறகு இன்னும் நுட்பமான சூத்திரங்கள் வந்தன. 1999-ல் ஒலிக்குப் பதில் ஒளியால் நீளம் அளக்கும் கருவியும் விற்பனைக்கு வந்தது. ஆனால் முற்றிய புரைக்குள் ஒளி நுழையாது, அங்கே இன்றைக்கும் ஒலிதான் கை கொடுக்கிறது.

அளப்பவர் கையில் பார்வை

முதல் வருசம் ஒர்க்ஷாப்பில் நான் ஒரு ஜாபை வெர்னியரின் ஜீரோ எரர் பார்க்காமல் அளந்து, அரை நாள் உழைப்பையும் குப்பைத் தொட்டியில் போட்டவன். ஏ ஸ்கேனிலும் அதே மாதிரி ஒரு பொறி இருக்கிறது. கருவியின் முனையைக் கண்ணின் மேல் கொஞ்சம் அழுத்திவிட்டால் கண் அமுங்கும், நீளம் குறைவாகக் காட்டும், கணக்கு அதிக பவரைச் சொல்லும். என் ஜாபை மறுபடி செய்யலாம். உள்ளே லென்ஸ் வைத்த கண்ணை அப்படிச் சுலபமாகச் செய்ய முடியுமா?

இந்த நுட்பமான வேலையை டாக்டர் வி யாரிடம் கொடுத்தார் தெரியுமா? கிராமத்துப் பெண்பிள்ளைகளிடம்! எழுபதுகளிலேயே கண் மருத்துவ உதவியாளர்களுக்குப் பயிற்சி தரத் தொடங்கியவர் அவர். பிளஸ் டூ முடித்த பெண்களை ஊர்களிலிருந்து தேர்ந்தெடுத்து, இரண்டு வருடம் பயிற்சி கொடுத்து, கண்ணை அளப்பது, நம்பர் பார்ப்பது, தியேட்டரில் உதவுவது என்று ஒவ்வொரு வேலையிலும் தேர்ச்சி பெற வைத்தது அரவிந்த். ஒரே அளவைத் தினமும் பல தடவை எடுக்கும் கை தப்பு செய்வது குறைவு. டாக்டர் ஆபரேசனில் மட்டும் கவனம் வைக்கலாம். பெரிய டிகிரி இல்லையே என்று தாழ்வு மனப்பான்மையில் இருக்கிற நம்ம ஆட்கள் இதை அடிக்கோடு போட்டுப் படிக்கணும்.

நாமே செய்வோம்!

அளந்தாயிற்று, 22.5 வேண்டும் என்று தெரிந்தாயிற்று. அலமாரியில் 22.5 இருக்கணுமே? தானமாக வரும் லென்ஸ்களை நம்பினால், வேண்டிய நம்பர் எப்போதும் கையில் இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆளுக்கு ஏற்ற லென்ஸ் வேண்டுமென்றால் அரை டயாப்டர் வித்தியாசத்தில் எல்லா நம்பரும் தாராளமாக வேண்டும். அதற்கு ஒரே வழி, நாமே செய்வது.

1992-ல் மதுரையில் ஆரோலேப் பிறந்தது. அமெரிக்காவின் சேவா நிறுவனமும் டேவிட் கிரீன் என்பவரும் தொழில்நுட்பம் கொண்டுவருவதில் உறுதுணையாக இருந்தார்கள். ரிட்லி பயன்படுத்திய அதே வகைப் பிளாஸ்டிக்கைக் கடைந்து, பாலிஷ் போட்டு, கிருமி நீக்கி, ஒவ்வொன்றின் பவரையும் சோதித்து அனுப்பினார்கள். கடைசல் வேலை நமக்குத் தெரியும். ஆனால் அந்த ஜாப் ஆறு மில்லிமீட்டர் வட்டம், வளைவில் துளி மாறினாலும் பவர் மாறிவிடும்! மதுரையில் செய்வது தரமாக இருக்குமா என்று ஆரம்பத்தில் சந்தேகம் இல்லாமல் இல்லை. அதற்குப் பதிலாக லென்ஸே பேசியது. விலை சுமார் 10 டாலருக்கு வந்தது, பிறகு அதற்கும் கீழே இறங்கியது. இன்றைக்கு மதுரை வீரபாஞ்சானில் இருக்கும் அந்தத் தொழிற்சாலையிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு லென்ஸ் போகிறது.

ஏழைக்குக் கண்ணாடி போதும் என்ற வாதத்துக்கும் மதுரையிலேயே பதில் கிடைத்தது. இரண்டு கண்ணிலும் பார்வை இழந்த 3400 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குப் பழைய ஆபரேசனும் கண்ணாடியும், மறு பாதிக்கு உள்லென்ஸும் வைத்து ஆராய்ந்தார்கள். முடிவுகள் 1998-ல் வெளியாயின. லென்ஸ் வைத்தவர்களுக்குத்தான் பார்வையும் அன்றாட வாழ்க்கையும் மேலாக இருந்தது. இதற்கிடையில் 1994-ல் உலக வங்கி உதவியோடு தமிழ்நாடு உட்பட ஏழு மாநிலங்களில் கண்புரை ஒழிப்புத் திட்டம் தொடங்கி, லென்ஸ் வைக்கும் முறை அரசு மருத்துவமனைகளிலும் பரவியது. சோடா பாட்டில் கண்ணாடி கொஞ்சம் கொஞ்சமாகத் தெருவிலிருந்து மறைந்தது.

அணையாத விளக்கு

1997-ல் கோயம்புத்தூர், 2003-ல் புதுச்சேரி என்று மருத்துவமனை வளர்ந்துகொண்டே போனது. அவர் நடத்திய முறையை 1993-லேயே ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பாடமாக எழுதிவிட்டார்கள். இத்தனைக்கும் நடுவில் அவர் எளிமையாகவே இருந்தார், கோணிய விரல்களோடு, தனக்கென்று ஒரு வீடு வாசல் சேர்க்காமல். 2006 ஜூலை 7 அன்று, தமது 87-ஆம் வயதில் கண் மூடினார். பல லட்சம் பேரின் கண்ணைத் திறந்துவைத்துவிட்டுத்தான் மூடினார்.

நண்பர்களே, அவர் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸைக் கண்டுபிடிக்கவில்லை. சூத்திரத்தையும் அவர் எழுதவில்லை. யாரோ கண்டுபிடித்ததை, யாருக்கும் கட்டுப்படியாகும்படி, அதேநேரம் ஒவ்வொருத்தருக்கும் சரியாகப் பொருந்தும்படி கொண்டுவந்து சேர்த்தார். இலவசம்தானே, ஏதோ ஒன்று கொடுத்தால் போதும் என்று அவர் விடவில்லை. இலவசப் படுக்கையில் கிடக்கும் கிழவியின் கண்ணையும் மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கு வரை அளக்கணும் என்பதுதான் அந்த வாழ்க்கை நமக்குச் சொல்வது. தருமம் என்றாலும் அளந்து செய்யும் தருமம்!

நாளைக்கு நம்மில் ஒருத்தன் ஏ ஸ்கேன் கருவியைப் பழுது பார்க்கப் போகலாம். ஒருத்தி லென்ஸ் கடையும் மெஷினில் நிற்கலாம். விசைத்தறிப் பட்டறையில் ஒரு பல்சக்கரத்தை அளந்துகொண்டிருக்கலாம். எங்கே இருந்தாலும் சரி, கையில் அளவுகோலை எடுக்கும்போது அந்தப் பக்கம் ஒரு மனுசன் இருக்கிறான் என்று நினைத்துக்கொள்வோம். ஜீரோ எரர் பார்ப்போம். ஒரு தடவைக்கு மூன்று தடவை அளப்போம்.

ஆபரேசன் முடிந்து கட்டுப் பிரித்த அன்று ஆச்சி வீட்டுக்கு வந்து முதலில் செய்த காரியம், சுவரில் இருந்த தன் அம்மாவின் போட்டோவைப் பக்கத்தில் போய்ப் பார்த்ததுதான். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். அப்புறம் முந்தானையால் கண்ணாடித் தூசியைத் துடைத்துவிட்டு, எனக்குக் காப்பி போட்டுக் கொண்டுவந்தாள். டம்ளரை நேராக என் கையில் கொடுத்தாள்.

வளர்க அவர் புகழ்!